கயிலைக்கு எத்தனை நாள்?

மயிலாப்பூர்க்காரர்களுக்குக் கயிலாயம் பக்கத்துத் தெரு மாதிரி. மயிலையே கயிலை என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். பங்குனியில் கபாலி வீதிக்கு வந்துவிட்டால் வேறெங்கும் போகத் தேவையில்லை என்பார்கள். அப்படியும் தலைமுறைக்கு நாலு பேர், நிஜக் கயிலையையும் மானசரோவர் ஏரியையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்பிவிடுகிறார்கள். நான் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள், போய் வந்தவளும்கூட. அதனால் அறுபத்து மூவர் முடிந்த கையோடு யாராவது படியேறி வந்து, "மாமி, எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார்கள். எத்தனை ரூபாய் என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை நாள் என்று யாரும் கேட்பதில்லை. அந்த யாத்திரையின் சரித்திரமே நாள் கணக்குதான் என்பது என் கட்சி.

அப்பர் பெருமானையே எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளாத வயதில் காசியையும் தாண்டி நடந்து, கால் தேய்ந்த பிறகு கையால் ஊர்ந்து, மார்பால் தவழ்ந்து போனார் என்கிறது பெரிய புராணம். கடைசியில் வழியில் ஒரு குளத்தில் மூழ்கி, திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார். ஆடி அமாவாசைக்கு ஐயாற்றில் இன்றும் அது பெருவிழா. அந்த உயரத்துக்கு இந்த உடம்பு ஒத்துவராது என்பதைச் சேக்கிழார் எவ்வளவு நயமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள்!

மானசரோவர் இருப்பது சுமார் 4,590 மீட்டர் உயரத்தில். குர்லா மாந்தாதா மலையின் பனியாறுகள் உருகி வரும் தண்ணீரும் அதில் சேர்கிறது. கயிலையைச் சுற்றும்போது ஏறவேண்டிய டோல்மா கணவாய் 5,630 மீட்டர். மயிலாப்பூர் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான். ஏரிக்கரையில் நாம் இழுக்கும் ஒரு மூச்சில், சாந்தோம் கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் அறுபது சதவீதம்கூட இருக்காது, டோல்மாவில் பாதிதான்.

யாத்திரைக்கு முறையாகத் திட்டம் போட வழிகாட்டியவர் சுவாமி பிரணவானந்தர். பழைய சென்னை மாகாணத்துக் கோதாவரிப் பக்கத்துக்காரர். ஏரிக்கரை மடத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கி, ஏரி எப்போது உறைகிறது, எப்போது பிளக்கிறது என்றெல்லாம் குறித்து வைத்தவர். நேரு முன்னுரையோடு 1949-ல் வந்த அவருடைய புத்தகத்தில், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மைல், எங்கே தங்கலாம் என்று அட்டவணையே இருக்கும். அல்மோராவிலிருந்து கயிலைக்குச் சுமார் 240 மைல். தமிழில் சுவாமி சித்பவானந்தர் 1940-ல் நடந்துபோய் வந்து திருக்கயிலாய யாத்திரை எழுதினார்.

என் பெரியப்பா போனது ஐம்பதுகளில். 1954-ல் இந்தியாவும் சீனாவும் போட்ட ஒப்பந்தப்படி, யாத்திரிகருக்கு அத்தாட்சிப் பத்திரம் எதுவும் வேண்டாம். எல்லைச் சாவடியில் பெயரைப் பதிந்து அனுமதிச் சீட்டு வாங்கினால் போதும். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் டெல்லி, ரயில் மாறிக் காட்கோதாம், பஸ் போகிற வரைக்கும் பஸ், பிறகு நடை. கர்பியாங்கில் போட்டியா வியாபாரிகளிடம் சுமை மாடும் கூடாரமும் வாடகைக்குப் பேசி, சுமார் 5,100 மீட்டர் உயர லிபுலேக் கணவாயைக் கடந்து திபெத்தில் தக்லாகோட்.

அவருடைய கணக்கு நோட்டில் சாமான் பட்டியல் இன்னும் இருக்கிறது. கம்பளி, பனிக்குக் கறுப்புக் கண்ணாடி, குடை, சுக்குப்பொடி, கற்கண்டு, புளிக்காய்ச்சல் ஒரு ஜாடி. அரிசிக்கு நேரே ஒரு கோடு இழுத்து, "வேகாது; சத்துமாவு போதும்" என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு நாள் முழுக்க அடுப்பில் கிடந்தாலும் கல்லுதான். யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ! நோட்டில் தேதி வாரியாக நடந்த தூரமும் உண்டு. ஒரு நாளைக்குப் பத்து மைலைத் தாண்டுவது அபூர்வம், நடுநடுவே சும்மா உட்கார்ந்த நாள்கள். தலைவலி என்ற சொல்லே அதில் இல்லை.

1962-ல் ஒப்பந்தம் காலாவதியாகி, போரும் வந்து, வழி மூடிக்கொண்டது. பத்தொன்பது வருஷம் யாரும் போகவில்லை. 1981-ல் சீனத் தலைவர் டெங் ஷியாவோபிங்கைச் சந்தித்து இதைப் பேசியவர் மயிலாப்பூரில் பிறந்த சுப்பிரமணியன் சுவாமி. வழி திறந்ததும் முதல் குழுவோடு அவரும் போனார். அவருடைய அரசியல் எனக்கு ஒத்துவராது, ஆனால் இந்த நன்றி பாக்கி இருக்கிறது.

அதன்பிறகு யாத்திரை வெளியுறவு அமைச்சகத்தின் காரியமாயிற்று. விண்ணப்பம், குலுக்கல், டெல்லியில் மருத்துவப் பரிசோதனை, மேலே போனபின் எல்லைக் காவல் படையின் டாக்டர்கள் மறுபடி பார்ப்பார்கள். வயது 18 முதல் 70, உடல் நிறை குறியீடு 25-க்கு மேல் போகக் கூடாது. டிசம்பரில் சபா கான்டீனில் ஏற்றியதைச் சித்திரைக்குள் இறக்கியாக வேண்டும் என்று இதற்கு அர்த்தம். 1998 ஆகஸ்டில் மால்பாவில் மலை சரிந்து, நாட்டியக் கலைஞர் புரோத்திமா பேடி உட்பட அறுபது யாத்திரிகர்கள் வரை மாண்டார்கள். 2012-ல் தமிழக அரசு 40,000 ரூபாய் மானியம் அறிவித்ததும் எங்கள் வட்டாரத்தில் விண்ணப்பம் கூடியது.

குலுக்கலில் பெயர் வராதவர்களுக்கு நேபாள வழி. நான் போனது அதில்தான். காட்மாண்டுவில் 1,400 மீட்டர், நியாலத்தில் 3,700, சாகாவில் 4,500 வாக்கில், நாலே நாளில் ஜீப் ஏரிக்கரையில் இறக்கிவிட்டது. சாகாவில் அன்றிரவு எங்கள் குழுவில் பாதிப் பேர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு வாந்தி நிற்காமல், விடியுமுன் கீழே கொண்டுபோனார்கள். கீழே இறக்கியதுதான் அவருக்கு மருந்து. பிற்காலத்தில் ஹெலிகாப்டர் வழியும் வந்தது. சமவெளியில் இருக்கும் நேபாள்கஞ்சிலிருந்து சிமிகோட், அங்கிருந்து எல்லையில் ஹில்சா. 2018 ஜூலையில் வானிலை கெட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள், தமிழர்களும் உண்டு.

2020-ல் லிபுலேக் வரைக்கும் சாலை போட்டுவிட்டார்கள். அதே வருஷம் கொரோனாவில் நின்ற யாத்திரை 2025-ல்தான் மறுபடி தொடங்கியது: லிபுலேக் வழியாக ஐந்து குழு, சிக்கிம் பக்கத்து நாதுலா வழியாகப் பத்து, குழுவுக்கு ஐம்பது பேர். பெரியப்பா நாள்கணக்கில் நடந்த இடத்தை இப்போது வண்டி சில மணி நேரத்தில் கடக்கிறது. சாலை வந்தது நல்லதுதான், மால்பா மாதிரி இடத்தில் ராத்தங்க வேண்டாம். ஆனால் மெதுவாக ஏறியதால் அவர் உடம்புக்குக் கேட்காமலே கிடைத்த பக்குவத்தை இன்று நாம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, மாமியின் கணக்கு இது. 3,000 மீட்டருக்கு மேல் இன்று படுத்த இடத்தைவிட நாளை படுக்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று, நாலு நாளுக்கு ஒருமுறை ஓய்வு. டயமாக்ஸ் மாத்திரை உதவும், டாக்டரைக் கேட்டு எடுங்கள். சல்பா ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். மெரினாவில் நடப்பதும் பரங்கிமலைப் படி ஏறுவதும் காலுக்கு நல்லது, ஆனால் உயரத்துக்கு உடம்பைப் பழக்காது. தக்லாகோட்டில் இரண்டு ராத்திரி உண்டா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். "எதுக்கு மேடம், வேஸ்ட்" என்றால், அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.