ஒரு இனமா, இரண்டா? தேனீயின் இறக்கையை ஏன் அளக்கிறார்கள்?

மேற்குத் தொடர்ச்சி மலையில் 'ஏபிஸ் கரிஞ்சோடியன்' என்ற புதிய தேனீ இனம் இருப்பதாக 2022இல் கேரள ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கருநிறத் தேனீ. அங்கே தேன் எடுப்பவர்களுக்கு அது புதிதே இல்லை. பிறகு எப்படி அது 'புதிய இனம்' ஆனது? மரபணுச் சோதனையோடு அவர்கள் காட்டிய முக்கியச் சான்று, இறக்கை நரம்புகளின் அளவு.

எதை அளக்கிறார்கள்?

ராணியும் ஆண் தேனீயும் உருவத்திலேயே வேறு என்பதால், பொதுவாக வேலைக்காரத் தேனீக்களைத்தான் எடுப்பார்கள். ஒரு தேனீ போதாது. ஒவ்வொரு கூட்டிலிருந்தும் பல தேனீக்கள் வேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் பல கூடுகள் வேண்டும். நாக்கு, பின்னங்கால், இறக்கை ஆகியவற்றின் நீளத்தையும் உடல் நிறத்தையும் பதிவு செய்வார்கள். இப்போது முன் இறக்கையைப் படம் எடுத்து, நரம்புகள் சந்திக்கும் 19 புள்ளிகளைக் கணினியில் குறிப்பதும் வழக்கம்.

அதென்ன விகிதம்?

அடிக்கடி காதில் விழும் பெயர் 'க்யூபிட்டல் இண்டெக்ஸ்'. இறக்கையின் ஒரு நரம்பில் அடுத்தடுத்த இரண்டு துண்டுகளை அளந்து, ஒன்றை மற்றதால் வகுக்க வேண்டும். 0.60 மி.மீ., 0.15 மி.மீ. என்றால் விடை 4. அவ்வளவுதான். படத்தைப் பெரிதாக்கினாலும் இந்த எண் மாறாது. கரிஞ்சோடியனைப் பிரித்துக் காட்டியதும் 'ரேடியோ-மீடியல் இண்டெக்ஸ்' என்ற இதேபோன்ற ஒரு விகிதம்தான்.

வடக்கு, தெற்கு வித்தியாசம் எவ்வளவு?

நம் பெட்டிகளில் வளரும் இந்தியத் தேனீ, 'ஏபிஸ் செரானா'. தென்னிந்தியாவில் அதன் முன் இறக்கை சுமார் 7.5 மி.மீ.; காஷ்மீரில் சுமார் 8.5 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் உடல் பெரிதானால் அடையின் அறையும் பெரிதாகும், அடைகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியும் மாறும். தென்னிந்தியச் சமவெளித் தேனீக்கு ஏற்ற சிறிய 'நியூட்டன் பெட்டி' 1910களில் உருவானதற்கு இதுவே காரணம்.

அளவை மட்டும் நம்பலாமா?

முடியாது. பழைய அடையில் அறைகள் சுருங்கும்; அதில் பிறக்கும் தேனீயும் சற்றுச் சிறிதாக இருக்கும். உணவு, பருவம், மலையின் உயரம் எல்லாமே அளவைப் பாதிக்கும். அதனால் இரண்டு ஊர்த் தேனீக்களின் சராசரி வேறுபட்டாலே இரண்டு இனம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பக்கமும் உள்ள எண்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றனவா, தனித்தனியாக நிற்கின்றனவா என்று பார்க்கணும். நடுவில் உள்ள ஊர்களில் எண் படிப்படியாக மாறினால், அது ஒரே இனத்தின் வட்டார வேறுபாடாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதனால் யாருக்கு என்ன?

1990களில் 'தாய் சாக்புரூட்' வைரஸ் தென்னிந்தியாவில் பெருவாரியான தேனீக் குடும்பங்களை அழித்தது. அப்படி ஒரு இழப்புக்குப் பிறகு வேறு ஊர்த் தேனீயைக் கொண்டுவந்து வைத்தால் எண்ணிக்கை கூடலாம். ஆனால் அந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகிய தேனீ திரும்பி வராது. எந்த ஊரில் எந்தத் தேனீ இருந்தது என்ற பதிவு கையில் இருந்தால்தான், எது போனது என்றாவது தெரியும்.