ஸல்ஸலா: பாறை சொல்லும் சேதியும் பதிந்து வைத்தவர்களும்

பூமியதிர்ச்சி எங்காவது நிகழ்ந்துவிட்டால் எங்கட ஊர்களில் இரண்டு விதமான பேச்சு எழும். "இதெல்லாம் எங்கட கிதாபுகளில எப்பவோ சொல்லியாச்சு" என்பது ஒன்று. "அல்லாஹ்ட நாட்டம், இதில ஆராய என்ன இருக்கு?" என்பது மற்றது. இரண்டும் ஈமானிலிருந்து வரும் பேச்சுத்தான். ஆனால் எங்கட முன்னோர் பூமியதிர்ச்சி விடயத்தில் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதை இரண்டுமே மறைத்துவிடுகின்றன.

இப்னு ஸீனா (980-1037) தமது 'கிதாபுஷ் ஷிபா'வில் இது பற்றி எழுதியிருக்கிறார். நிலத்துக்குள் அடைபட்ட காற்றும் ஆவியும் வெளியேற வழி தேடி முட்டுவதே நடுக்கத்துக்குக் காரணம் என்பது அவர் கருத்து. அரிஸ்டாட்டில் வழிவந்த இந்த விளக்கம் பிழையானது. அதை மூடி மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே நூலில், கடும் அதிர்ச்சியின்போது நிலம் மேலெழுவதாலும் மலைகள் உண்டாகலாம், நீர் அரிப்பதாலும் உண்டாகலாம் என்றும் சொல்கிறார். மலையும் காலத்தால் மாறுவது என்ற எண்ணம் அங்கே இருக்கிறது.

விளக்கத்தை விடப் பெரிய பங்களிப்பு பதிவுதான். 1202ஆம் ஆண்டு ஷாம் தேசத்தையும் மிஸ்ரையும் உலுக்கிய அதிர்ச்சியை நேரில் உணர்ந்த மருத்துவர் அப்துல் லத்தீப் அல்பக்தாதி, அதைத் தமது எகிப்து நூலில் எழுதி வைத்தார். இமாம் ஸுயூத்தி (1445-1505) 'கஷ்புஸ் ஸல்ஸலா அன் வஸ்பிஸ் ஸல்ஸலா' என்றே ஒரு தனி நூல் செய்தார். இஸ்லாத்தின் ஆரம்ப காலம் தொட்டுத் தம் காலம் வரை முஸ்லிம் நாடுகளில் நிகழ்ந்த அதிர்ச்சிகளை ஆண்டு வாரியாக அடுக்கிய நூல் அது. அதிர்ச்சியை இறை எச்சரிக்கையாகக் கண்டவர்தான் ஸுயூத்தி. அந்த நம்பிக்கை ஆண்டையும் ஊரையும் குறித்து வைக்க அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

இந்தப் பதிவுகளின் பெறுமதி இருபதாம் நூற்றாண்டில்தான் முழுதாகத் தெரிந்தது. கருவிப் பதிவுகளுக்கு வயது நூற்றுச் சொச்ச ஆண்டுகள்தான். ஒரு பாறைப் பிளவு மீண்டும் பெரிதாக நகர்வதற்கோ சில நூறு ஆண்டுகள் செல்லலாம். ஆகவேதான் நிக்கலஸ் அம்ப்ரேஸிஸ் போன்ற ஆய்வாளர்கள் மத்திய கிழக்கின் பூமியதிர்ச்சி வரலாற்றை எழுத அரபு நூல்களைத் தேடிப் படித்தார்கள்.

பாறைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது துலங்கியது 1906இல் சான் பிரான்சிஸ்கோ அதிர்ந்த பின்னர்தான். பிளவைக் குறுக்கறுத்துச் சென்ற வேலிகளும் பாதைகளும் துண்டாகி, சில இடங்களில் ஆறு மீற்றர் வரை விலகி நின்றன. முந்திய நில அளவைகளோடு இவற்றை ஒப்பிட்டார் ஹரி பீல்டிங் றீட். பாறை திடீரென்று உடைவதில்லை. பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, அந்தச் சக்தியைத் தன்னுள் சேர்த்து வைத்து, பிளவில் பிடி விட்டதும் சட்டென நிமிர்கிறது என்று அவர் விளக்கினார். வளைத்துப் பிடித்த மூங்கிலை விட்டாற் போல. இறுகிய கருங்கல்லுக்கும் மீள்தன்மை உண்டு என்பதே இதன் சாரம்.

அப்படி நிமிரும்போது பிறக்கும் அதிர்வுகளில் இரண்டு வகை பூமியின் உள்ளே ஊடுருவிச் செல்லும். முதல் வகை பாறையை நெருக்கியும் தளர்த்தியும் போகும். நிற்கும் ரயில் பெட்டிகளில் எஞ்சின் இடித்தால் அந்த இடி பெட்டிக்குப் பெட்டி தாவுவது போல. இரண்டாவது, கயிற்றின் நுனியை உதறினால் ஓடும் நெளிவு போன்றது. முதலாவது வேகமானது, திண்மத்திலும் திரவத்திலும் செல்லும். இரண்டாவது மெதுவானது, திரவத்துக்குள் செல்லாது. ஏனென்றால் பக்கவாட்டில் இழுத்தால் திரும்பி வரும் குணம் திரவத்துக்கு இல்லை.

1889 ஏப்ரல் 17இல் ஜப்பானில் நிகழ்ந்த அதிர்ச்சி, ஜேர்மனியின் பொட்ஸ்டாமில் ரெபோய்ர்-பாஷ்விட்ஸ் வைத்திருந்த ஊசல் கருவியில் பதிந்தது. பூமியின் ஒரு பக்கத்துச் சேதியை மறுபக்கத்தில் வாசிக்கலாம் என்று உலகம் அன்று அறிந்தது. இந்தியாவில் பணியாற்றிய ஓல்டாம், 1897 அசாம் அதிர்ச்சியை ஆராய்ந்தவர், 1906இல் பூமிக்குள் தனியான ஒரு மையப்பகுதி இருப்பதைக் காட்டினார். அது திரவம் என்பதை 1926இல் ஜெப்ரிஸ் நிறுவினார். அந்தத் திரவத்துக்குள்ளும் ஒரு திண்ம மையம் உண்டு என்பதை 1936இல் டென்மார்க் பெண்மணி இங்கே லேமன் கண்டுபிடித்தார். ஒருவரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பதிவுகளைப் பொறுமையாக ஒப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

இனி எங்கட கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 காலை, எங்கட நேரப்படி 7 மணியாவதற்கு ஓரிரு நிமிடங்கள் இருக்கையில், சுமாத்திராவுக்கு அப்பால் சுமார் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பாறைப் பிளவு நகர்ந்தது. முதல் அதிர்வு நான்கு நிமிடத்துக்குள் எங்கட தீவை எட்டியது. அதைத் தொடர்ந்து வந்த மேற்பரப்பு அலைகள் கண்டிக்கு அருகே பல்லேகலையிலுள்ள பதிவு நிலையத்தின் தரையை 9 சென்ரிமீற்றருக்கும் மேலாக உயர்த்தித் தாழ்த்தின. அலை மிக நீண்டது என்பதால் பெரும்பாலானோர் உணரவில்லை. கடல் வந்தது ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு. ஹவாயிலுள்ள எச்சரிக்கை மையம் 15 நிமிடத்தில் அறிவிப்பு வெளியிட்டது, ஆனால் அது பசுபிக் நாடுகளுக்கானது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, கிண்ணியா, அம்பாந்தோட்டை என்று கரையோரம் முழுதும் சனங்கள் வழமை போல இருந்தார்கள். இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். பாறை சேதி அனுப்பியிருந்தது, அதைக் கரைக்குக் கொண்டுவர ஆளில்லை.

அதன் பிறகே இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 2012 ஏப்ரல் 11இல் 8.6 அளவில் மறுபடியும் அதிர்ந்தபோது எங்கட கரையோர மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அன்று பாறைகள் பக்கவாட்டில் உராய்ந்து நகர்ந்தன. கடலடி பெரிதாக மேலெழவில்லை, ஆகவே பெரிய அலையும் வரவில்லை. "சும்மா ஓட வச்சிட்டாங்க" என்று முறைப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அதிர்ந்த கையோடு, பாறை எப்பக்கம் நகர்ந்தது என்று தெரியுமுன்னரே முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஓடியதுதான் சரி.

ஸுயூத்தியின் வேலை எங்கட ஊர்களில் இன்னும் பாக்கி இருக்கிறது. 2004இல் தண்ணி எத்தனை மணிக்கு வந்தது, எந்த வீதி வரை ஏறியது, பள்ளிவாசல் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு நின்றது, வருமுன் கடல் உள்வாங்கியதா இல்லையா என்பதெல்லாம் கண்டவர்களின் நாவில்தான் கிடக்கிறது. அவர்களுக்கும் வயது போகிறது. ஊருக்கு ஒரு கொப்பி, பள்ளிவாசல் அலுமாரியில் ஒரு பிரதி, பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி என்று தொடங்கினால் போதும். அடுத்த தலைமுறை எங்கே வீடு கட்டுவது, எப்பக்கம் ஓடுவது என்பதற்கு அந்தக் கொப்பி உதவும்.