பாலமும் பத்திரிகையும்: அமெரிக்கக் காங்கிரஸின் ‘காதுக்குறி’ ஒதுக்கீடுகள்

பொதுப்பணம் களவாடப்படுவதை மட்டுமே நாம் ஊழல் என்கிறோம். சட்டத்தின் துணையோடு அது விரயமாக்கப்படுவதை அவ்வளவாகக் கருதுவதில்லை. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு எத்துணை மெல்லியது என்பதற்கு அமெரிக்கக் காங்கிரஸின் வரலாறு தக்க சான்றாகும்.

மந்தையில் தம் கால்நடையை இனங்காண அதன் காதில் குறியிடுவது பழைய வழக்கம். அதனடியாகப் பிறந்த சொல்லே ‘இயர்மார்க்’. பொது நிதியின் ஒரு பகுதியைத் தம் தொகுதிப் பணிக்கென உறுப்பினர் ஒருவர் முன்கூட்டியே குறித்துவைப்பதை இது சுட்டும். இம்மனப்போக்கு புதியதன்று. 1882இல் ஆறுகள், துறைமுகங்களுக்கான நிதி மசோதாவைக் குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் நிராகரித்தார். காங்கிரஸ் அதனை மீறி நிறைவேற்றியது. 1987இல் நெடுஞ்சாலை மசோதாவை ரீகன் நிராகரித்தபோதும் அதுவே நிகழ்ந்தது. ஒவ்வோர் உறுப்பினருக்கும் பங்குள்ள மசோதாவை எவர்தாம் எதிர்ப்பார்?

2005ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் இத்தகைய குறிகள் 6,000க்கும் மேல் இருந்தன. அவற்றுள் அலாஸ்காவின் கெச்சிகன் நகரையும் கிரவினா தீவையும் இணைக்கும் பாலத்திற்கு மட்டும் 22 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கப்பட்டது. தீவில் வாழ்ந்தோர் சுமார் 50 பேர். நகரின் விமான நிலையம் அங்கே இருந்தது. படகுப் போக்குவரத்தும் இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கத்ரீனா புயல் லூசியானாவைச் சிதைத்தது. அங்கு உடைந்த பாலத்திற்கு இப்பணத்தைத் திருப்பலாம் என்று செனட்டர் டாம் கோபர்ன் அக்டோபரில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 15, எதிர்ப்பு 82. பின்னர் நவம்பரில், பாலத்திற்கே செலவிட வேண்டும் என்ற நிபந்தனையைக் காங்கிரஸ் நீக்கியது. ஆயினும் பணம் அலாஸ்காவிடமே தங்கியது.

‘எங்கும் செல்லாத பாலம்’ என்று ஏடுகள் எள்ளி நகையாடின. நகைப்பு நியாயமானதே. ஆனால் ஒரு பாலத்தின் படம் பதிவாகும் அளவிற்கு ஆயிரக்கணக்கான ஏனைய குறிகள் மக்கள் மனத்தில் பதியவில்லை. மொத்த அரசுச் செலவில் இவ்வொதுக்கீடுகள் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. எனவே கேட்க வேண்டிய கேள்வி தொகையைப் பற்றியதன்று. குறியிடும் அதிகாரம் எவர் கையில், எவ்வளவு மறைவாக இருந்தது என்பதே.

அக்கேள்வியைக் கேட்டது சான் டியாகோவின் நாளிதழ். ராண்டி கன்னிங்ஹாம் பாதுகாப்பு நிதிக்கான துணைக்குழுவில் இருந்தவர். அவரது வீட்டைப் பாதுகாப்பு ஒப்பந்தக்காரர் ஒருவர் வாங்கி, 7 லட்சம் டாலர் நட்டத்திற்கு விற்றார். செய்தியாளர் மார்க்கஸ் ஸ்டெர்ன் சொத்துப் பதிவேடுகளைப் புரட்டி 2005இல் இதனை வெளிக்கொணர்ந்தார். 24 லட்சம் டாலர் கையூட்டுப் பெற்றதை ஒப்புக்கொண்ட கன்னிங்ஹாமுக்கு 2006இல் எட்டாண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அவ்விதழ் அவரது குடியரசுக் கட்சியின்பால் சாய்வுடையதெனப் பெயர் பெற்றது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. சாய்வு இருந்தும் பதிவேடு மறைக்கப்படவில்லை.

மறுபக்கமும் உண்டு. பாலத்திற்காக வாதாடிய செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ், பரிசுகளை மறைத்த வேறொரு வழக்கில் 2008 அக்டோபர் 27 அன்று குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. எட்டு நாள்களில் நடந்த தேர்தலில் சிறு வாக்கு வேறுபாட்டில் தோற்றார். அரசு வழக்கறிஞர்கள் சான்றுகளை மறைத்தது வெளிப்பட்டு, 2009 ஏப்ரலில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. அதற்குள் வாக்காளர் முடிவு செய்துவிட்டனர். விரயத்திற்கு அவர் பொறுப்பாளி என்பதால், நிறுவப்படாத குற்றத்தையும் அவர் தலையில் ஏற்றுதல் நீதியாகாது.

2011இல் காங்கிரஸ் இம்முறையை நிறுத்திவைத்தது. 2021இல் வேறு பெயர்களில் மீட்டது. இம்முறை, கோருபவர் தம் பெயரை வெளியிட்டு, தமக்கோ தம் குடும்பத்தினருக்கோ அதில் நிதி நலன் இல்லையென உறுதியளிக்க வேண்டும். பதிவேடு இவ்வாறு திறந்திருக்கிறது. ஆயினும் எதிர்க்கட்சியாரின் பக்கங்களை மட்டும் வாசித்துத் தம் கட்சியாரின் பக்கங்களைக் கடந்துசெல்லும் கண்களுக்கு அதனாற் பயனில்லை. ஏடுகளின் பக்கச்சார்பைக் கண்டிக்கும் நாம், வாசகரின் பக்கச்சார்பையும் அதே அளவுகோலால் அளக்கக் கடமைப்பட்டுள்ளோம்.