நட்டு வளர்த்த திருவனம்

திருக்கோயில் என்றவுடன் கோபுரமும் கற்றூண் மண்டபமும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஜப்பானியரின் தொன்மைச் சமயமாகிய ஷிண்டோ நெறியிலோ, ஆலயத்தைச் சூழ்ந்த வனமும் புனிதமானதேயாம். டோக்கியோ மாநகரின் நடுவே, ஹராஜுகு புகைவண்டி நிலையத்தை அடுத்து, ஏறத்தாழ 70 ஹெக்டேர் பரப்பில் விளங்கும் மெய்ஜி ஆலய வனம் இதற்குச் சான்றாகும். மரத்தாலான பெருந்தோரண வாயிலைக் கடந்து சரளைக்கல் பாதையில் செல்வோர், அதனைத் தொல்காடு என்றே எண்ணுவர். உண்மையில் அது மனிதர் நட்ட காடு.

மெய்ஜிப் பேரரசர் 1912ஆம் ஆண்டில் மறைந்தார். 1872இல் ஜப்பானின் முதல் இருப்புப்பாதைத் திறப்பு விழாவிற்கு எழுந்தருளியவர் அவர் என்பது, இருப்புப்பாதை ஊழியராகிய நமக்கு உவப்பளிக்கும் செய்தி. அவருடல் கியோட்டோவில் அடக்கம் செய்யப்பெற்றமையால், தம் நகரில் அவருக்கோர் ஆலயமேனும் வேண்டுமென டோக்கியோ மக்கள் விழைந்தனர். நாடெங்குமிருந்து ஏறத்தாழ 1,00,000 மரங்கள் காணிக்கையாக வந்தன. இளைஞர் கூட்டங்கள் வந்து தொண்டாற்றின.

எம்மரத்தை நடுவது என்பதில் கருத்து வேற்றுமை எழுந்தது. பழம்பெரும் ஆலயங்களில் உள்ளவைபோல் வானோங்கிய 'சுகி' மரங்களே வேண்டுமென்றார் தலைமை அமைச்சர் ஓக்குமா. அகலிலை மரங்கள் புதர்போல் தோன்றும் என்பது அவர் எண்ணம். வனவியல் அறிஞர் ஹோண்டா செய்ரோகு இதற்கு உடன்படவில்லை. டோக்கியோவின் மண்ணிலும் நகரப் புகையிலும் சுகி செழிக்காது என்பதை, நிக்கோவில் வளர்ந்த மரத்தோடு ஒப்பிட்டு மெய்ப்பித்தார். அமைச்சரும் இசைந்தார். முதலில் ஊசியிலை மரங்கள் ஓங்கி நிற்க, அவற்றின் நிழலில் கருவாலி, கற்பூரம் முதலியன மெல்ல வளர்ந்து, நூறாண்டிற்குப்பின் காடு தன் விதையாலேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதே திட்டம்.

1920இல் ஆலயம் திறக்கப்பெற்றது. 1945ஆம் ஆண்டு விமானக் குண்டுவீச்சில் முதன்மைக் கட்டடங்கள் எரிந்தன. 1958இல் மீண்டும் எழுப்பப்பெற்றன. வனமோ அழியாது நின்றது. இன்றும் பாதையில் உதிரும் இலைகளைக் கூட்டி வெளியே எறிவதில்லை. காட்டிற்கே உரமாகத் திருப்பி இடுகின்றனர்.

நட்ட கைகள் மறைந்தன, நிழல் நிலைத்தது. தாம் காணவியலாத நாளைக் கருதி, அம்மண்ணில் வேரூன்றத் தக்கதையே அவர்கள் தேர்ந்தனர். பிறமொழி வழங்கும் நிலத்தில் நம் மக்களுக்குத் தமிழ் பயிற்ற முனையும் நாமும், நாம் இல்லாத காலத்தும் தானே தழைக்கும் வண்ணம் எதனை, எவ்வாறு ஊன்றுவது என ஆய்ந்து செயற்படுவோமாக.