தகரம் பாடிய ஊர்

போர்ட் ஆஃப் ஸ்பெயின் என்றதும் உங்களுக்கு கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். தப்பில்லை. 1971 மார்ச்சில் சுனில் கவாஸ்கர் என்ற இருபத்தோரு வயசுப் பையன் தன் முதல் டெஸ்ட்டை ஆடியது அங்கேதான். வெஸ்ட் இண்டீஸை இந்தியா முதல்முறையாக டெஸ்ட்டில் தோற்கடித்ததும் அதே மேட்சில்தான். 1976-ல் நாலாவது இன்னிங்ஸில் 403 ரன்னைத் துரத்திப் பிடித்தோமே, அதுவும் அதே குயின்ஸ் பார்க் ஓவல் மைதானம். சந்தேகமிருந்தால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கண்ணில் ஒரு மின்னல் தெரியும்.

இந்த வாரம் மேட்ச் வேண்டாம். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, எதிர்ப்பக்கம் திரும்புங்கள். ரொம்ப காலம் அங்கே ஒரு சீமைப்பலா மரத்தடியில் 'இன்வேடர்ஸ்' என்ற குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியம்? பீப்பாய். ரோடு போடும்போது தார் நிரப்பி ஓரமாக உருட்டி வைத்திருப்பார்களே, அந்த வகை இரும்புப் பீப்பாய்!

அதை ஏன் தட்டினார்கள்? கதை கொஞ்சம் பழசு. கொஞ்சம் ரத்தமும் உண்டு.

டிரினிடாட் தீவை ஸ்பெயினிடமிருந்து பிரிட்டன் பிடுங்கிக்கொண்டது 1797-ல். கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள். 1838-ல் அவர்களுக்கு முழு விடுதலை. விடுதலையானவர்கள் முதலில் கையில் எடுத்தவற்றில் ஒன்று, முரசு. கார்னிவல் வந்தால் தீப்பந்தமும் சிலம்பமுமாகத் தெருவை நிறைத்தார்கள். வெள்ளைக்கார துரைகளுக்குத் தூக்கம் போயிற்று. 1881 கார்னிவலில் ஊர்வலத்தை அடக்க வந்த போலீஸுக்கும் ஜனங்களுக்கும் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருவில் நேரடி அடிதடி. மூன்றே வருஷத்துக்குள் முரசுக்குச் சட்டப்படி கடிவாளம் விழுந்தது.

அதே 1884 அக்டோபரில் இன்னொரு கொடுமை. நம்மாட்களுக்கு. அடிமைகள் போனதும் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? 1845 முதல் கப்பல் கப்பலாக இந்தியக் கூலிகளை இறக்கினார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து. சென்னைத் துறைமுகத்தில் ஏற்றப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் தப்பு, தாரையோடு நடத்திய மொகரம் ஊர்வலத்தின் மீது சான் ஃபெர்னாண்டோ ஊரில் போலீஸ் சுட்டது. பல பேர் செத்தார்கள். ஆகமொத்தம், அந்தத் தீவில் அன்றைக்குத் தாளம் என்பதே குற்றம்.

சரி, முரசு கூடாது. மூங்கில்? நீளநீளமாக, குட்டைகுட்டையாக வெட்டித் தரையில் குத்தினால் ஒவ்வொன்றும் ஒரு சத்தம் தரும். 'டம்பூ பாம்பூ' என்று பேர் வைத்தார்கள். அது பல வருஷம் ஓடியது. சண்டை வந்தால் அதே மூங்கில் ஆயுதமாகவும் மாறியதால், 1930களில் அதற்கும் தடை.

சரி, மூங்கிலும் கூடாது. பிஸ்கட் டின்? பெயின்ட் டப்பா? குப்பைத் தொட்டி மூடி? இதையெல்லாம் தடை செய்ய எந்த சர்க்காரால் முடியும்?

தட்டித் தட்டி டப்பா நசுங்கியது. நசுங்கிய இடத்தில் ஒரு ஸ்வரம், நசுங்காத இடத்தில் வேறு ஸ்வரம். எந்த வாத்தியாரும் சொல்லித்தராத பாடம். முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் இன்றைக்கும் அந்த ஊரில் சண்டை வரும். வின்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமன் என்பார்கள் சிலர். இன்வேடர்ஸ் குழுவின் எல்லி மானெட் என்பார்கள் சிலர். பீப்பாயின் மூடியைக் கிண்ணம்போல உள்ளே குழித்து அடித்த பெருமை மானெட்டுக்கு. அந்த எண்ணெய் வள தீவில் காலிப் பீப்பாய்க்கா பஞ்சம்?

நான் படித்தது பி.காம். ஆயுள் முடிந்த பொருளுக்கு 'ஸ்கிராப் வேல்யூ' என்று ஒரு தொகை எழுதிக் கணக்கை மூடு என்று கற்றுக்கொடுத்தார்கள். இந்தப் பையன்கள் அங்கேதான் கணக்கையே தொடங்கியிருக்கிறார்கள்!

செய்முறை லேசானதல்ல. மூடியைச் சுத்தியலால் அடித்துக் குழிக்க வேண்டும். ஸ்வரத்துக்கு ஒரு கட்டம் பிரித்து, நெருப்பில் காட்டி, மறுபடி தட்டித் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். மேல் ஸ்வரங்களுக்குப் பீப்பாயின் உடம்பைக் குட்டையாக வெட்ட வேண்டும். கீழ் ஸ்வரங்களுக்கு முழுப் பீப்பாய், ஒவ்வொன்றிலும் மூணோ நாலோ ஸ்வரம்தான்.

மரியாதை மட்டும் சுலபத்தில் கிடைக்கவில்லை. 'பான்' வாசிப்பவன் என்றால் ரவுடி. குழுக்களுக்குப் பேரே ஹாலிவுட் சண்டைப் படம்போல டெஸ்பராடோஸ், காஸாபிளாங்கா, டோக்கியோ என்றுதான். 1950 கார்னிவலில் இன்வேடர்ஸும் டோக்கியோவும் நடுத்தெருவில் மோதிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் போனால் காலை உடைப்பேன் என்று வீட்டுக்கு வீடு மிரட்டினார்கள்.

மறு வருஷமே காட்சி மாறியது. 1951-ல் லண்டனில் 'ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்' விழா. எதிரிக் குழுக்களிலிருந்து பொறுக்கியெடுத்த பையன்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஜோசஃப் கிரிஃபித் என்ற போலீஸ் பேண்ட் மாஸ்டர் ஸ்வரம் கற்றுக்கொடுத்தார். கவனியுங்கள், எந்தத் துறை முரசைப் பிடுங்கியதோ அதே துறை! நேற்றுவரை பாட்டிலால் அடித்துக்கொண்டவர்கள் ஒரே மேடையில் நின்று வாசிக்க, லண்டன் வாயைப் பிளந்தது.

1962-ல் சுதந்திரம். 1963 முதல் 'பனோரமா' போட்டி. பெரிய குழுக்களில் நூறு பேருக்கு மேல் நின்று வாசிப்பார்கள். 1992-ல் ஸ்டீல்பான் தேசிய வாத்தியமானது. 2023-ல் ஐ.நா. சபை ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல்பான் தினமாக அறிவித்தது. 2025 ஜனவரியில் இன்னும் ஒருபடி மேலே. நாட்டின் சின்னத்தில் இருந்த கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்டீல்பானை வைக்கச் சட்டம் நிறைவேற்றினார்கள்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம்தான். ஆனால், பான் பிறந்த பேட்டைகளில் ஒன்றான லாவென்டில் மேட்டில் வறுமை இன்னும் போகவில்லை. துப்பாக்கித் தகராறு தாங்காமல் டெஸ்பராடோஸ் குழுவே சொந்த மேட்டைவிட்டு இறங்கி, வேறு இடம் தேடி ஒத்திகை பார்த்த வருஷங்கள் உண்டு. சின்னத்தில் வாத்தியம் ஏறிவிட்டது. வாசித்தவன் வீட்டுக் கதவை யார் தட்டுவது?

கார்னிவல் சமயத்தில் அந்தப் பக்கம் போனால், ஏதாவது ஒரு பான் யார்டின் வாசலில் பத்து நிமிஷம் நில்லுங்கள். பீப்பாயைத் தட்டும் பையனுக்கு வயது பதினைந்துதான் இருக்கும். அவன் கையில் இருக்கும் குச்சி, அவன் முப்பாட்டன் கையிலிருந்து பிடுங்கப்பட்டது.