யப்பான் மீனும் வவுனிக்குளமும்

யாழ்ப்பாணத்தவருக்குக் குளத்து மீன் என்றால் ஓர் இளக்காரம். பாரையும் விளைமீனும் ஓராவும் தின்று பழகிய நாவுக்கு நன்னீர் மீன் ‘சேறு மணக்கும்’ பண்டம். அந்த இளக்காரம் குறையாமலேதான் 1996 ஆம் ஆண்டில் ஒருநாள் நான் வவுனிக்குளத்தின் அணைக்கட்டில் தூண்டிலோடு குந்தியிருந்தேன்.

அங்கு வந்து சேர்ந்த கதை பலருக்கும் பொதுவானது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் வெறுமையாயிற்று. தென்மராட்சியில் சில மாதங்கள். 1996 ஏப்ரலில் இராணுவம் அங்கும் வரவே, கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குச் சென்றவர்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. மல்லாவிக்கு அப்பால் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டோம். பட்டச் சான்றிதழ் பெட்டிக்குள் இருந்தது. வேலை செய்த பத்திரிகையோ இடம்பெயர்வோடு நின்றுபோயிற்று. நிவாரண அரிசி கிடைத்தது, கறிக்குத்தான் வழியில்லை. பனிக்கட்டியும் எரிபொருளும் அருமையாகிவிட்ட அந்நாட்களில் கடல் மீன் உள்ளூருக்குள் எப்போதாவது வரும். வந்தாலும் எங்கள் கைக்கு எட்டாத விலை.

வவுனிக்குளம் பாலியாற்றை மறித்துக் கட்டிய பழங்குளம். நீர்ப்பாசனப் பொறியியலாளராக இலங்கையில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909 இல் வெளியான தமது ‘பண்டைய இலங்கை’ என்னும் ஆங்கில நூலில் இதனைப் பழைய நூல்கள் குறிப்பிடும் பெலிவாபி என்று அடையாளங்கண்டார். அந்தப் பெலிவாபியை எல்லாளனோடு தொடர்புபடுத்தும் மரபும் உண்டு. மன்னன் யாராயினும், கட்டு உடைந்து பல நூற்றாண்டுகள் காடு மூடிக் கிடந்த குளம் அது. 1950களில்தான் மீளக் கட்டி, குடியேற்றத் திட்டத்தின் கீழ் மக்களுக்குக் காணி கொடுத்தார்கள்.

அதே காலத்தில்தான், 1952 இல், இலங்கைக்கு ஒரு மீனும் குடியேறியது. விலங்கியலார் திலாப்பியா என்பர். எங்கள் ஆட்கள் யப்பான் மீன் என்பர். அதற்கும் யப்பானுக்கும் பிறவித் தொடர்பு எதுவுமில்லை. அதன் தாயகம் தென்கிழக்கு ஆபிரிக்கா. எப்படியோ யாவாத் தீவுக்கு வந்து, 1939 இல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் யாவாவையும் மலாயாவையும் யப்பானியர் ஆண்டபோது குளங்களில் பரவியதால், மலாயாவிலும் யப்பானியரின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய நமது ‘மலாயன் பென்சன்’காரரே இப்பெயரையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இலங்கையில் இயற்கை ஏரிகள் இல்லை. உள்ளூர் மீன்களான விராலும் கெண்டையும் கெளிறும் ஆற்றுக்கும் சதுப்புக்கும் பழகியவை. மனிதன் கட்டிய ஆழங்குறைந்த பெருங்குளங்களில் பாசியையும் மக்கலையும் தின்று பெருகவல்ல மீன் ஒன்றுக்கு இடம் காலியாகவே கிடந்தது. அந்த இடத்தை வந்தேறி பிடித்துக்கொண்டது. உலகின் மிகக் கேடான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறின் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. விரால் பிரியர்கள் இன்றும் அதைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

எனக்குத் தூண்டில் பழக்கியவர் குடியேற்றத் திட்டத்து முதியவர் ஒருவர். தீவுப்பகுதியில் பிறந்து, இளமையில் காணி பெற்று வந்தவர். முதல் தூண்டிலுக்கு முள்ளே கிடைக்கவில்லை. சட்டை ஊசி ஒன்றை நெருப்பில் காய்ச்சி வளைத்துத் தந்தார். காட்டில் வெட்டிய நீண்ட கம்பு, பழைய வலையிலிருந்து உருவிய தங்கூசி, மிதப்புக்கு மயிலிறகின் தண்டு, இரைக்கு வாய்க்காலோரத்து மண்புழு. மூன்று நாள் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நாலாம் நாள் அவர் சொன்னார்: “தம்பி, நீர் மீனைப் பிடிக்கப் பாக்கிறீர். மிதப்பைப் பாத்துக்கொண்டு சும்மா இரும். அது வரேக்க வரும்.”

சும்மா இருப்பது அந்த ஆண்டுகளில் யாருக்கும் வாய்க்காத ஒன்று. வானத்தில் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழி, வீதியில் சைக்கிள் வேகமாக வந்தால் ஏதோ செய்தி. ஆனால் விடியற்புறத்தில் நீர் அசையாமல் கிடக்கும்போது, பட்டுப்போன மரங்களில் நீர்க்காகங்கள் இறகு விரித்து நிற்கும்போது, அந்த வெள்ளைத் தண்டைத் தவிர வேறெதுவும் எனக்கு உலகத்தில் இல்லை. தண்டு முதலில் மெல்ல நடுங்கும். பிறகு சாய்ந்து படுக்கும். பிறகு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அந்த மூன்றாவது கணத்தில்தான் சுண்ட வேண்டும். அதற்கு முன்னர் சுண்டினால் புழுவும் இல்லை, மீனும் இல்லை. பத்திரிகைத் தொழிலில் பிற்காலத்தில் நான் அவசரப்பட்டுக் கெடுத்த செய்திகள் சில உண்டு. அப்போதெல்லாம் மயிலிறகுத் தண்டுதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஒருமுறை அகப்பட்ட பெட்டை மீனொன்று கரையில் துடித்தபோது அதன் வாயிலிருந்து எள்ளளவு குஞ்சுகள் சிதறின. இந்த மீன் முட்டையை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்னரும் ஆபத்தென்றால் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் தாய் இரை தின்பதும் இல்லையாம். பின் ஏன் என் புழுவைக் கவ்வியதென்று விளங்கவில்லை. முதியவர் குஞ்சுகளைச் சேற்றோடு அள்ளி நீரில் விட்டார். மீனையும் விட்டார். அன்று எங்கள் வீட்டில் பருப்புக் கறி.

மற்ற நாட்களில் மீன் இருந்தது. உப்பும் புளியும் போட்டு உரஞ்சிக் கழுவினால் சேற்று மணம் போகும் என்று முதியவரின் மனைவி காட்டிக்கொடுத்தார். ஒரு மாதம் வரை அம்மா சமைத்தார், தான் தொடவில்லை. பிறகு ஒருநாள் தலையை மட்டும் தன் கோப்பையில் போட்டுக்கொண்டார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்காலத்தில் எங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1990 இல் அரசாங்கம் நன்னீர் மீன்வளத்துக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற பௌத்த சமய ஆட்சேபமே அதன் பின்னணி. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ஆமண்டகாமணி தீவெங்கும் உயிர்க்கொலையைத் தடைசெய்தான் என்கிறது மகாவம்சம்; எண்ணம் பழையதுதான். மனிதர் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த ஓர் ஆண்டில் மீனுக்கு இரங்கியதை என்னவென்பது! 1994 இல் ஆட்சி மாறியதும் கொள்கை மாறியது. 1998 இல் நன்னீர் மீன்வளர்ப்புக்கெனத் தனி அதிகாரசபைக்கான சட்டமும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் குஞ்சு விடாவிட்டால் பெருகாத இந்தியக் கெண்டை வகைகள் பல குளங்களில் அருகிப்போயின. யப்பான் மீனுக்கு அரசாங்கம் தேவைப்படவில்லை. அது வாய்க்குள் வைத்துத் தானே வளர்த்துக்கொண்டது.

2008 இல் போர் மேற்கிலிருந்து நெருங்கியபோது அப்பகுதி மக்கள் கிழக்கு நோக்கி நடந்தார்கள். நான் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே கொழும்புக்கு வந்திருந்தேன். மீண்டும் அந்த அணைக்கட்டில் ஏறியது 2010 இல். முதியவரின் வளவில் சுவர் மட்டும் நின்றது. அவர் திரும்பி வரவில்லை என்று அயலில் சொன்னார்கள். ஒன்றரை ஆண்டு வலை படாத குளத்தில் மீன்கள் உள்ளங்கையைவிடப் பெருத்திருந்தன. பொழுதுபடும் வரை இருந்து ஐந்து பிடித்தேன்.

வழியில் சோதனைச்சாவடியில் நின்ற சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே பார்த்து “திலாப்பியா” என்று சிரித்தான். பொலன்னறுவைப் பெடியன். என்ன இரை போட்டாய் என்று சிங்களத்தில் கேட்டான். மண்புழுவுக்குச் சிங்களச் சொல் அந்நேரம் வாயில் வரவில்லை. சுட்டுவிரலை நெளித்துக் காட்டினேன். அவன் தலையாட்டிவிட்டு, தங்கள் ஊரில் பாண் துண்டை உருட்டிப் போடுவார்கள் என்று கையால் உருட்டிக் காட்டினான்.