மக்காச்சோளப் போட்டி முதல் சேவை மணிநேரம் வரை: அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர் மன்றங்களின் வரலாறு

அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளில் இயங்கும் மாணவர் மன்றங்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று போட்டி, மற்றொன்று சமூக சேவை. இன்றைய மன்றங்களில் சேவைக்கும் முக்கிய இடம் உண்டு. ஆனால் கிராமப்புறத்தைப் பொறுத்தவரை முதலில் வந்தது போட்டி. போட்டி நடத்துவதற்காகவே மன்றம் தேவைப்பட்டது. சேவை பின்னால் வந்து சேர்ந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேளாண் கல்லூரிகள் நல்ல விதை, உழவு முறை பற்றியெல்லாம் நிறைய எழுதிக் குவித்தன. விவசாயிகளுக்கு அது ஏட்டுச் சுரைக்காயாகவே பட்டது. இல்லினாய் மாநிலத்தின் மக்கூப்பின் கவுண்டியில் வில் ஆட்வெல் என்பவர் விவசாயிகளுக்குக் கூட்டம் கூட்டிப் பார்த்தார், ஆள் சேரவில்லை. உடனே பார்வையைப் பையன்கள் பக்கம் திருப்பினார். அவர்களுக்கு விதைச்சோளம் கொடுத்து, நன்றாக விளைவிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார். கதிர்களைக் காட்சிக்கு வைத்த நாளில் பையன்களோடு அவர்களுடைய அப்பாக்களும் வந்தார்கள். 1902இல் ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பள்ளிக் கண்காணிப்பாளர் ஏ. பி. கிரஹாம், கிராமப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்து முறையான மன்றம் ஒன்றைத் தொடங்கினார். 1907இல் மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டியில் உருவான மக்காச்சோள மன்றத்துக்கு மத்திய வேளாண் துறையின் ஆதரவும் கிடைத்தது. தென்மாநிலங்களில் இயக்கம் வேகமெடுத்தது அதன் பிறகுதான்.

இந்த மன்றங்களில் ஒரு பையனுக்கு ஒரு ஏக்கர் என்பது கணக்கு. 1910இல் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜெர்ரி மூர் என்ற சிறுவன் தன் ஒரு ஏக்கரில் 228 புஷலுக்கு மேல் விளைவித்தான், அதாவது ஏறக்குறைய 5.8 டன். அந்தக் காலத்தில் நாட்டின் சராசரி ஏக்கருக்கு 30 புஷலைக்கூடத் தொடவில்லை. செய்தி நாடெங்கும் பரவியது. விளைச்சலுக்கு மட்டும் மதிப்பெண் தரப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. செலவு போக மிஞ்சியது எவ்வளவு, பயிர் செய்த விதத்தை எப்படி எழுதி வைத்தான் என்பதும் கணக்கில் வந்தன. பள்ளி ஆசிரியர்கள் இதில் ஆர்வம் காட்டியதற்கு இந்த எழுத்து வேலை ஒரு முக்கியக் காரணமாக இருந்திருக்க வேண்டும். அதே 1910இல், அதே மாநிலத்தின் ஏக்கன் கவுண்டியில் மரீ குரோமர் என்ற ஆசிரியை பெண்பிள்ளைகளுக்குத் தக்காளி மன்றம் தொடங்கினார். அவர்களுக்கு ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர். விளைந்த தக்காளியை டப்பாவில் அடைத்து விற்பதும் பயிற்சியில் அடக்கம்.

இரண்டு சட்டங்கள் இந்த மன்றங்களை இரு கிளைகளாகப் பிரித்தன. 1914ஆம் ஆண்டின் ஸ்மித்–லீவர் சட்டம் வேளாண் விரிவாக்கப் பணிக்கு நிதி ஒதுக்கியது. அதன் கீழ் வந்த மன்றங்கள் 4-எச் என்ற பெயரில் பள்ளிக்கு வெளியே வளர்ந்தன. 1917ஆம் ஆண்டின் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் உயர்நிலைப்பள்ளிகளில் வேளாண் பாடத்துக்குப் பணம் கொடுத்தது. மாணவர் ஆண்டுக்கு 6 மாதமாவது மேற்பார்வையின் கீழ் பண்ணை வேலை பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. வேளாண் ஆசிரியர் மாணவர்களின் வீட்டுப் பண்ணைக்கே போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. பள்ளி மன்றம் இந்த ஏற்பாட்டின்மேல்தான் எழுந்தது.

1926 முதல் மிசூரி மாநிலத்தின் கான்சஸ் நகரக் கால்நடைக் கண்காட்சியில் மாணவர்களுக்குத் தேசிய அளவில் கால்நடைத் தேர்வுப் போட்டி நடந்தது. 1928இல் அங்கேயே 18 மாநிலங்களிலிருந்து வந்த 33 மாணவர்கள் கூடி ‘அமெரிக்க வருங்கால விவசாயிகள்’ அமைப்பை (எஃப்.எஃப்.ஏ.) நிறுவினார்கள். வர்ஜீனியாவில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உருவான மாநில மன்றம் இதற்கு முன்மாதிரி. உறுப்பினர்களின் அடையாளமாகிவிட்ட நீலநிற கார்டுராய் மேலங்கி 1933இல் வந்தது.

கால்நடைத் தேர்வுப் போட்டியின் நடைமுறை அன்றும் இன்றும் பெரிதாக மாறவில்லை. களத்தில் 4 மாடுகளோ பன்றிகளோ எண்ணிட்டு நிறுத்தப்படும். மாணவர் சுற்றி வந்து பார்த்து, சிறந்தது முதல் கடைசிவரை வரிசைப்படுத்த வேண்டும். மொத்தம் 24 வரிசைகள் சாத்தியம். நடுவர் குழுவின் வரிசையோடு அப்படியே ஒத்துப்போனால் 50 மதிப்பெண். வித்தியாசம் பளிச்சென்று தெரியும் இரண்டை மாற்றிப் போட்டால் நிறையப் போகும், நூலிழை வித்தியாசம் உள்ளவற்றை மாற்றினால் கொஞ்சமே குறையும். பிறகு அந்த வரிசைக்கான காரணத்தைக் குறிப்புப் பார்க்காமல் 2 நிமிடத்துக்குள் நடுவரிடம் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். வரிசை தவறினாலும் காரணம் தெளிவாகச் சொன்னவர் அந்தப் பகுதியில் நல்ல மதிப்பெண் பெறலாம். பேச்சுப் பயிற்சியாக இதற்கு ஈடானவை பள்ளியில் அதிகம் இல்லை.

யார் உறுப்பினர் ஆகலாம் என்பதில் இந்த மன்றங்கள் தாராளமாக இருக்கவில்லை. பெண்களைச் சேர்ப்பதில்லை என்று எஃப்.எஃப்.ஏ.வின் 1930 மாநாட்டுப் பிரதிநிதிகள் முடிவெடுத்தார்கள், அது 1969வரை நீடித்தது. தென்மாநிலங்களில் பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்திருந்ததால் கறுப்பின மாணவர்கள் ‘அமெரிக்கப் புதிய விவசாயிகள்’ என்ற தனி அமைப்பை வளர்த்தார்கள். 1927இல் வர்ஜீனியாவில் முளைத்த அது 1935இல் டஸ்கீகியில் தேசிய அமைப்பாயிற்று. 1965இல் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு எஃப்.எஃப்.ஏ.வுடன் இணைக்கப்பட்டது. இணைப்பு என்றாலும் பெயர், சின்னம், மேலங்கி எல்லாம் ஒரு தரப்புடையவையே மிஞ்சின. கறுப்பின மாணவர்களின் பங்கேற்பும் அதன்பின் வெகுவாகச் சரிந்தது.

நகரப் பள்ளிகளின் கதை வேறு. அங்கே மன்றங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் வணிகர்களும் தொழில்முறையாளர்களும். கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ உயர்நிலைப்பள்ளியில் 1925இல் அத்தகையோரின் சங்கமான கிவானிஸின் உள்ளூர்க் கிளையினர் 11 மாணவர்களைக் கொண்டு ‘கீ கிளப்’ தொடங்கினார்கள். பள்ளிகளில் தலைதூக்கியிருந்த இரகசியச் சகோதரக் குழுக்களுக்கு மாற்றாக ஒன்று வேண்டும் என்பது நோக்கம். மதிய உணவுக் கூட்டங்களில் கிவானிஸ் உறுப்பினர்கள் வந்து தங்கள் தொழிலைப் பற்றிப் பேசினார்கள். ஆக, சேவைக்குப் பேர்போன இந்த மன்றமும் முதலில் தொழில் வழிகாட்டலைத்தான் செய்தது. பள்ளிக்கும் ஊருக்கும் பயன்படும் வேலைகள் பின்னர் மையத்துக்கு வந்தன. 1970களின் பிற்பகுதியில் கீ கிளப் மாணவிகளைச் சேர்த்துக்கொண்டது. புரவலரான கிவானிஸ் பெண்களுக்குக் கதவு திறந்தது 1987இல்தான்.

ரோட்டரி சங்கம் இதே வழியில் 1962இல் ஃப்ளோரிடாவின் மெல்பர்ன் உயர்நிலைப்பள்ளியில் 23 மாணவர்களோடு முதல் இன்டராக்ட் கிளப்பை அமைத்தது. 1963இல் தஞ்சாவூரிலும் ஓர் இன்டராக்ட் கிளப் தொடங்கியது. ஒவ்வொரு கிளப்பும் ஆண்டுக்கு 2 சேவைத் திட்டங்களாவது செய்ய வேண்டும், அவற்றில் ஒன்று நாடுகளுக்கிடையே புரிதலை வளர்ப்பதாக இருக்க வேண்டும் என்பது விதி.

1970களில் கிராமப்புறப் போட்டி மன்றங்களும் நகரச் சேவை மன்றங்களும் ஒன்றை ஒன்று நெருங்கின. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் எஃப்.எஃப்.ஏ. தன் மன்றங்களைச் சொந்த ஊர் மேம்பாட்டில் ஈடுபடுத்த ஒரு தேசியத் திட்டம் கொண்டுவந்தது. சிறப்பாகச் செய்த மன்றங்களுக்கு மாநில, தேசிய விருதுகள் உண்டு. சோளக்கதிரை எடைபோட்ட பழக்கம் இப்போது சேவையையும் எடைபோட்டது. பண்ணைக்குப் போகாத மாணவர்களும் சேர்ந்துகொண்டிருந்த நிலையில், 1988இல் அமைப்பின் அதிகாரபூர்வப் பெயரிலிருந்து விவசாயி என்ற சொல் நீங்கி மூன்றெழுத்து மட்டும் நின்றது.

அளவிடும் போக்கு அடுத்துச் சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. மேரிலாந்து மாநிலம் 1992இல் 75 மணிநேரச் சேவையைப் பள்ளிப்படிப்பை முடிப்பதற்கான நிபந்தனையாக்கியது. நாட்டிலேயே மாநில அளவில் இது முதல்முறை. பென்சில்வேனியாவின் பெத்லகேம் பள்ளி நிர்வாகம் அதற்கு முன்பே 60 மணிநேரம் கேட்டிருந்தது. இது அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்கு விரோதமான கட்டாய ஊழியம் என்று பெற்றோர் வழக்குத் தொடர்ந்தார்கள். 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நிபந்தனை நிலைத்தது. அத்தகைய பள்ளிகளில், மணிநேரத்தைச் சேர்ப்பதற்கான வழியாகவும் மன்றங்களை மாணவர்கள் நாடத் தொடங்கினார்கள்.